சமனிலியும் தமிழ்த் தொடரமைப்பும்

இளம் மாணவர் சமனிலிகளில் இடர்ப்படுவதைக் கணக்கின் கடுமையாகவே கொள்வது வழக்கம். அது பெரிதும் மொழிபெயர்ப்பின் குறை என்பதே ஈண்டு கூற விழைவது.

தாமஸ் ஹாரியட்டின் மறைவுக்குப்பின் 1631இல் வெளிவந்த அவர்தம் நூலில் இடம்பெற்ற >, < என்னும் குறிகள், ஆங்கிலத் தொடரில் வினை நிற்கும் நடுவிடத்தில் நிற்பவை. தமிழில் ஒப்பீட்டுக்குரிய அளவு முன்வருதல் இயல்பு: 'ஐந்தைவிட ப பெரியது'. கேட்ட வரிசையிலேயே எழுதும் சிறுவன் 5 > ப என எழுதிவிட இடமுண்டு. கன்னடத்தின் 'இந்த' ஒப்பீட்டு உருபும் அளவையே பற்றி முன்வருதலின், அல்சூரில் இருமொழி பேசி வளரும் சிறார்க்கு மற்றைய மொழியும் இதில் கைகொடுப்பதில்லை.

'அசமன்பாடு', 'சமனிலி' என்னும் கலைச்சொற்கள் இரண்டும் சமமின்மையையே சுட்டுகின்றன. ≥ என்பதிலோ சமமும் அடங்கும். (இலங்கையில் வழங்கும் பின்னது செவிக்கேனும் இனிது.) 'விடப் பெரியது அல்லது சமம்' என நீட்டுதலும் ஆங்கிலத்தின் நிழலே. 'பதினெட்டு வயதுக்குக் குறையாதவர்' என்னும் வழக்கில் பதினெட்டும் அடங்குமென்பதை எவரும் விளக்கவேண்டுவதில்லை. எதிர்மறைப் பெயரெச்சம் ஒன்றே அப்பணியை முடித்துவிடுகிறது. ≤ என்பதற்கு 'மிகாத' உண்டு. 'ப என்பது ஐந்துக்குக் குறையாதது' என்று மாணவரைச் சொல்லவைத்துப் பின்னரே ப ≥ 5 என எழுதுவித்தால் சொல்வரிசையும் குறிவரிசையும் முரணா.