அக்கிரகாரத்துத் திண்ணையிலிருந்து

காரைக்காலைப் போலவே பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்த ஊர் வங்கத்துச் சந்திரநாகூர். அங்கே 1934இல் பிறந்தவர் ஆந்த்ரே பெத்தேய். இந்தியச் சமூகவியலின் முன்னோடிகளுள் ஒருவர். தஞ்சைச் சிற்றூர் ஒன்றை ‘ஸ்ரீபுரம்’ எனப் புனைபெயரிட்டு ஆராய்ந்து, 1965இல் அவர் வெளியிட்ட ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ என்னும் ஆங்கில நூலை நாம் வரவேற்கிறோம்.

ஏன்? சாதி உயர்வு, நிலம், அதிகாரம் மூன்றும் ஒரு காலத்தில் பார்ப்பனரிடமே குவிந்திருந்தன, நிலம் கைமாறிற்று, வாக்குரிமை வந்தபின் அதிகாரமும் அக்கிரகாரத்தைவிட்டு அகன்றது என்று காட்டிய நூல் அது. ஆளும் உரிமை பிறப்பால் வருவது என்போர்க்கு இதனினும் நல்ல மறுப்பு வேண்டுமோ?

குறையும் உண்டு. அவர் தங்கியது அக்கிரகாரத்து வீட்டில். அதனால் சேரி மக்களோடு நெருங்கிப் பழக இயலவில்லை. இதை அவரே ஒளிக்காமல் எழுதியுள்ளார். அந்த நேர்மையைப் போற்றுகிறோம். ஆனால், உண்மை தேடி வந்த அறிஞரின் காலையே ஒரு தெரு தடுத்ததென்றால், சாதியின் வலிமைக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

தோழர்களே! வெளியூரார் வந்து நம்மை எழுதட்டும் என்று காத்திராதீர். அரசலாற்றுக் கரைச் சேரிகளின் கதை, அங்கேயே பிறந்தோர் கையால் எழுதப்படட்டும்!