உயர்நிலை ஆங்கிலத் தேர்வும் வயது வந்தோர் பயிற்சியும்: வார்ப்புருக் கற்பித்தல் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

மொழித்தேர்வு ஒருவரது மொழித்திறனை அளக்கிறதா, அன்றி அத்தேர்வுக்காக அவர் பெற்ற பயிற்சியை அளக்கிறதா என்பது மொழியாசிரியர்கள் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆங்கிலப் புலமைத் தேர்வை 1913ஆம் ஆண்டில் முதன்முதலாக நடத்தியபோது அதனை எழுதியோர் மூவர். மூவருமே தேர்ச்சி பெறவில்லை. மொழிபெயர்ப்பும் ஒலியியலும் அன்றைய தேர்வில் இடம்பெற்றிருந்தன. அப்புலமைத் தேர்வுக்கு அடுத்த கீழ்ப்படியாக 1991இல் தொடங்கப்பெற்ற உயர்நிலைத் தேர்வு இன்று ‘சி1 அட்வான்ஸ்டு’ என வழங்கப்படுகிறது. இத்தேர்வின் எழுத்துத்தாளுக்கு வயது வந்தோர் ஆயத்தப்படுத்தப்படும் முறையை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இப்பொருள் நமக்கு அந்நியமானதன்று. மலேசியாவின் 2015–2025 ஆங்கிலமொழிக் கல்விச் சீர்திருத்தத் திட்டம், ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தின் சி1 நிலையை ஆங்கில ஆசிரியர்களுக்குரிய இலக்காக வகுத்தது. ஆகவே, பிறரைத் தேர்வுக்கு அனுப்பிய ஆசிரியரே தேர்வராக அமரும் நிலையும் இங்கு உண்டு.

தேர்வு எதை வேண்டுகிறது?

எழுத்துத்தாளின் கால அளவு 90 நிமிடம். அதற்குள் இரண்டு எழுத்துப் பணிகளை, ஒவ்வொன்றும் 220 முதல் 260 சொற்களுக்குள் அமையுமாறு முடித்தல் வேண்டும். முதற்பகுதிக் கட்டுரை கட்டாயமானது. இரண்டாம் பகுதியில் கடிதம், அறிக்கை, முன்மொழிவு, மதிப்புரை போன்றவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெழுதலாம். உள்ளடக்கம், தகவல்தொடர்புத் திறன், ஒழுங்கமைவு, மொழி என்னும் நான்கு கூறுகளின் அடிப்படையில் மதிப்பெண் வழங்கப்படுகிறது.

இவற்றுள் இரண்டாவது கூறே நம் கவனத்திற்குரியது. யாருக்கு எழுதுகிறோம், எந்நோக்கத்திற்கு எழுதுகிறோம் என்பதை அறிந்து அதற்கேற்ற நடையை மேற்கொள்ளும் ஆற்றலையே அது அளக்கிறது. ‘கூட்டம் தள்ளிப்போச்சு’ என்பதற்கும் ‘கூட்டம் ஒத்திவைக்கப்பட்டுள்ளது’ என்பதற்கும் இடையிலான வேறுபாட்டைத் தமிழர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் பிரிந்து நிற்கும் மொழியில் வளர்ந்தவர்க்கு நடையுணர்வு இயல்பாக வாய்த்த செல்வம் ஆகும். பயிற்சியின் தொடக்கப்புள்ளியாக அமைய வேண்டியதும் அதுவே.

வார்ப்புருவின் குறைபாடு

ஆனால், பயிற்சி வகுப்புகள் பலவற்றில் நிகழ்வது வேறு. ‘இன்றைய நவீன உலகில்’ எனத் தொடங்கி, ‘இது இருமுனைக் கத்தி போன்றது’ என நகர்ந்து, ‘சுருங்கக்கூறின்’ என முடியும் ஆயத்தத் தொடர்கள் மனனம் செய்விக்கப்படுகின்றன. தலைப்பு எதுவாயினும் தொடர்கள் மாறுவதில்லை. தமிழ்க் கட்டுரைப் பயிற்சியில் மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்யும் வழக்கத்தைக் கண்டவர்கள் இதனை எளிதில் இனங்காண்பர்.

எடுத்துக்காட்டாக, கிள்ளான் துறைமுகத்தில் பதினைந்தாண்டு பணியாற்றிய மேற்பார்வையாளர் ஒருவர் வெளிநாட்டில் முதுகலை பயில விரும்பி இத்தேர்வை எழுதுவதாகக் கொள்வோம். பணியிடப் பாதுகாப்பை மேம்படுத்தும் முன்மொழிவொன்றை எழுதுமாறு வினா கேட்கிறது. சரக்குப் பெட்டகங்களுக்கிடையே நாள்தோறும் நடந்தவர்க்கு இதுபற்றிச் சொல்ல எவ்வளவோ உண்டு. வார்ப்புருவோ அவரைப் ‘பாதுகாப்பு மிக முக்கியமானது’ என்னும் வெற்றுரையில் நிறுத்திவிடுகிறது. ஒழுங்கமைவுக்கு அது ஓரளவு உதவலாம். உள்ளடக்கமும் தகவல்தொடர்பும் நலிவடைகின்றன. இழப்பு மதிப்பெண்ணோடு முடிவதுமில்லை. தம் அனுபவத்திற்கு ஆங்கிலத்தில் இடமில்லை என்னும் எண்ணமும் அவர் உள்ளத்தில் வேரூன்றுகிறது. வேலைக்கும் குடும்பத்திற்கும் இடையே நேரத்தையும் பணத்தையும் ஒதுக்கி வந்தவர்க்கு இது பேரிழப்பன்றோ?

மறுதரப்பு வாதம்

வயது வந்தோர்க்கு நேரம் குறைவு. ஆதலால் குறுக்குவழி தேவை என்பர் சிலர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. தேர்வின் அமைப்பையும் நேரப் பங்கீட்டையும் அறியாதவர், மொழித்திறன் இருந்தும் தடுமாறக்கூடும். எனினும், அமைப்பை அறிமுகப்படுத்தச் சில வகுப்புகளே போதுமானவை. அதனையே முழுப்பாடத்திட்டமாக விரிப்பதுதான் பிழை.

தேர்வின்மீதும் குறை காணலாம். முதற்பகுதிக் கட்டுரையில் மூன்று கருத்துகள் முன்வைக்கப்பட்டு, அவற்றுள் இரண்டை விவாதிக்குமாறு பணிக்கப்படுகிறது. சட்டகம் முன்னரே அமைந்துவிடுவதாலும் 260 சொற்களுக்குள் ஆழ்ந்த வாதத்திற்கு இடம் குறைவதாலும் வார்ப்புருப் பயிற்சி தழைக்க வழியேற்படுகிறது. வகுப்பறையின்மீது தேர்வு செலுத்தும் இத்தாக்கத்திற்குத் தேர்வை வடிவமைப்போரும் பொறுப்பேற்றல் வேண்டும்.

மாற்று வழிகள்

முதலாவதாக, கற்பவர் நன்கறிந்த ஒரு செய்தியையே பல வடிவங்களில் எழுதச் செய்யலாம். மேற்கூறிய மேற்பார்வையாளர், துறைமுக விபத்தொன்றை மேலதிகாரிக்கு அறிக்கையாகவும் நண்பருக்குக் கடிதமாகவும் எழுதிப் பார்க்கும்போது, செய்தி மாறாமல் நடை மாறுவதைத் தாமே உணர்வார்.

இரண்டாவதாக, தாய்மொழியை ஒப்பீட்டுக் கருவியாகக் கொள்ளலாம். தமிழில் மழையும் ‘பலத்த மழை’, காற்றும் ‘பலத்த காற்று’. ஆங்கிலத்திலோ மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’. இத்தகைய சொல்லிணைவுகளைத் தேர்வின் மொழிப்பயன்பாட்டுப் பகுதி நேரடியாகச் சோதிக்கிறது. அவ்வாறே, ஆங்கிலத்தின் ‘தி’ என்னும் சுட்டிடைச்சொல்லுக்கு நிகரானது தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை. பிழையின் காரணம் விளங்கினால் அதனைத் திருத்துவது எளிதாகும்.

மூன்றாவதாக, ஒவ்வொருவரும் தம் பிழைகளை வகைப்படுத்திக் குறித்துவர வேண்டும். பிறர்க்கான பயிற்சித்தாள் நூறு செய்வதைவிடத் தம் பிழை பத்தினை அறிந்து களைவது பயனுடையது.

முடிவுரை

சி1 நிலை என்பது பிறர் தொடர்களை ஒப்புவிக்கும் நிலையன்று; தம் கருத்தைத் தக்கவர்க்குத் தக்கவாறு கூறும் நிலையாகும். வயது வந்த மாணாக்கர் வகுப்பறைக்குள் நுழையும்போதே கூறுவதற்குரிய கருத்துகளுடன் வருகின்றனர். அவற்றை வெளியே வைத்துவிட்டு வருமாறு கூறும் பயிற்சி, தேர்வுக்கும் உதவாது, மொழிக்கும் உதவாது. மாதிரிக் கட்டுரைகளை மாணவர் கையில் கொடுத்துப் பழகிய தமிழாசிரியர்களாகிய நாமும் இவ்வுண்மையை நம் வகுப்பறைகளில் பொருத்திப் பார்ப்பது நலம்.