மயங்க வைக்கும் வினாக்கள்

வினாவை அறுவகையாகப் பகுத்தது நன்னூல். விடை தெரிந்திருந்தும் பிறர் அறிவை அளத்தற்பொருட்டுக் கேட்பது அறிவினா. கேட்பவனே தெளியாது கேட்பது ஐயவினா. தேர்வு மண்டபத்தில் எழுப்பப்பெறுவன யாவும் அறிவினாக்களே என்பது பொது நம்பிக்கை. இந்திய அரசுப் பணித் தேர்வுகளின் வினாத்தாளை, ஓர் உரைநடை நூலைத் திறனாய்வதுபோல் வரிவரியாகப் படிப்பவர், அந்நம்பிக்கையைச் சற்றே தளர்த்திக்கொள்ள நேரிடும். அறிவினாவின் உடையணிந்து வரும் ஐயவினாக்கள் அங்கு உண்டு.

நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்து வட்டத்தைக் கருமையாக்கும் முறையைத் தமிழ்நாட்டில் கொள்குறி வகை என்பர். திருத்துவோரின் மனப்போக்குக்கு ஏற்ப மதிப்பெண் ஏறி இறங்குவதைத் தவிர்க்கவே இம்முறை விரும்பப்பட்டது. நோக்கம் நன்றே. ஆயினும் அம்மனப்போக்கு ஒழிந்துபோய்விடவில்லை. விடைத்தாள் திருத்தும் மேசையிலிருந்து வினாத்தாள் எழுதும் மேசைக்கு இடம் மாறிற்று. கட்டுரை எழுதும் தேர்வில், வினா தெளிவற்றதாயின் மாணவன் தான் கொண்ட பொருளை விளக்கி விடை எழுதலாம். வினாவுக்கு வினாவே விடையாவதையும் ஏற்றுக்கொண்டு, விடையை எட்டு வகையாக விரித்தது நன்னூல். கொள்குறித் தாளில் அவ்வெட்டுக்கும் இடமில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக்கொள்ளலாம். 'தமிழின் முதல் புதினம் எந்த ஆண்டினது?' என்பது வினா. தரப்பட்ட விடைகளுள் 1857, 1879 ஆகிய இரண்டும் உள்ளன. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதப்பட்டது 1857இல் என்பர், அச்சேறியது 1879இல். 'ஆண்டினது' என்ற சொல் எதைக் குறிக்கிறது? வழிகாட்டி நூல் ஒன்றில் ஓர் ஆண்டை மட்டும் உருப்போட்டவன் நொடியில் வட்டத்தை நிரப்பி அடுத்த வினாவுக்குப் போய்விடுவான். இரண்டையும் கற்றவன் எழுதுகோலைப் பிடித்தபடி தயங்கி நிற்பான். மயக்கமுடைய வினாவின் பெருங்குற்றம் இதுவே: அது கல்லாதவனைவிடக் கற்றவனையே மிகுதியாகத் தண்டிக்கிறது. 'இந்தியாவின் மிகவுயர்ந்த சிகரம் எது?' என்று கேட்டாலும் இதே நிலைதான். 8,611 மீட்டர் உயரமுள்ள கே-2, இந்தியா உரிமை கோரினும் பாகிஸ்தானின் ஆளுகையில் இருக்கும் பகுதியில் உள்ளது. 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்கா மறுப்புக்கு இடமின்றி எல்லையில் நிற்கிறது. எல்லைக்கோட்டை எவ்வாறு கொள்வது என்று வினா சொல்லவில்லையாயின் விடை எங்ஙனம் ஒன்றாகும்?

நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் 'மயங்க வைத்தல்' ஒன்று. கவிதையில் ஒரு சொல் இரு பொருள் தருமாயின் அதைச் சிலேடை என்று சுவைக்கிறோம். தேர்வுத்தாளில் அச்சுவைக்கு விலை கொடுப்பவர் வேலை தேடும் இளைஞர். 2024இல் நடந்த தமிழ்நாட்டுத் தொகுதி நான்கு தேர்வை 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். ஒன்றரை மதிப்பெண்ணில் ஒருவர் கிராம நிர்வாக அலுவலராகலாம். அல்லது அடுத்த அறிவிப்புக்காக மீண்டும் காத்திருக்கலாம்.

மொழிபெயர்ப்பு இம்மயக்கத்தைப் பெருக்குகிறது. நடுவணரசுப் பணித் தேர்வை எதிர்த்து 2014இல் தில்லியில் இந்திவழித் தேர்வர்கள் கிளர்ந்தபோது, எஃகு ஆலை என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர் இந்தியில் 'இரும்புச் செடி' ஆகிவிட்டதைப் பெரிதும் எடுத்துக்காட்டினர். தமிழ்நாட்டு வினாத்தாள்களிலோ, ஐயம் நேரின் ஆங்கில வடிவமே முடிவானது என்ற குறிப்பு நெடுங்காலம் அச்சிடப்பட்டு வந்துள்ளது. தமிழில் படித்துத் தமிழில் சிந்தித்து எழுதுபவனை அயல்மொழி வரியிடம் நீதி கேட்கச் சொல்லும் குறிப்பன்றோ அது!

இவற்றை நீதிமன்றம் அறியாததன்று. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு பற்றிய கான்பூர்ப் பல்கலைக்கழக வழக்கில் 1983இல் இந்திய உச்ச நீதிமன்றம், இரு பொருள்படும் வினாக்கள் கொள்குறித் தேர்வில் இடம்பெறலாகாது என்றும், மொழிபெயர்ப்பவர்க்கு மொழியறிவோடு துறைச்சொல்லறிவும் வேண்டும் என்றும் தெளிவாக உரைத்தது. அதே தீர்ப்பு, தவறென்று ஐயமற நிறுவப்படும் வரை விடைக்குறிப்பே சரியெனக் கொள்ளவேண்டும் என்றும் வகுத்தது. உத்தரப் பிரதேச ஆசிரியர் தேர்வு ஒன்றைப் பற்றி 2017 டிசம்பரில் வந்த தீர்ப்பு மேலும் ஒரு படி சென்று, ஐயத்தின் பயன் தேர்வு நடத்துவோர்க்கே உரியது என்றது. அத்தேர்வுக்கான அறிவிப்பு வெளிவந்தது 2009இல். எட்டாண்டுகளாக முடிவு உறுதிப்படாமல் கிடந்ததை நோக்க, வழக்குக்கு ஓர் எல்லை வேண்டும் என்ற நீதிபதிகளின் கவலை புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால், மயங்க எழுதியவர்க்கு ஐயத்தின் பயன், மயங்கியவர்க்கு ஏதுமில்லை.

தேர்வாணையங்கள் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு மறுப்புரைகளைப் பெறுவது பாராட்டத்தக்க வழக்கம். குற்றமுள்ள வினாவை நீக்கிவிடுவதும், எல்லார்க்கும் மதிப்பெண் அளித்துவிடுவதும் அதன்வழி நிகழ்கின்றன. எனினும் அவ்வினாவோடு போராடி ஐந்து நிமிடத்தை இழந்தவனுக்கு அந்நேரத்தை எவரும் திருப்பித் தருவதில்லை.

தமிழ்நாட்டு விடைத்தாளில் அண்மைக்காலமாக ஐந்தாவதாக ஒரு வட்டம் சேர்ந்துள்ளது. 'விடை தெரியவில்லை' என்பது அதன் பொருள். தேர்வர் தம் அறியாமையை ஒப்புக்கொள்ள ஒரு வட்டம் கிடைத்துவிட்டது. வினா தெளிவில்லை என்று சொல்வதற்கு ஆறாவது வட்டம் ஒன்று இன்னும் அச்சாகவில்லை.