ஆர்சிங்க் என்னும் சிக்கனக்காரன்

சிறு அலுவலகத்தின் சர்வரைத் தனியாளாகக் கவனித்துக்கொள்பவருக்கு நிம்மதியான தூக்கம் தரும் நகலெடுப்பு நிரல் ஒன்று உண்டென்றால், அது ஆர்சிங்க்தான். ஆஸ்திரேலியர்களான ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கெராஸும் 1996இல் வெளியிட்டது. இன்றும் இலவசம்.

அதன் அழகு சிக்கனத்தில் இருக்கிறது. 2 ஜிபி கோப்பில் இன்று நாலு வரிகள்தான் மாறின என்றால், முழுக் கோப்பையும் அது சுமந்துபோவதில்லை. பழைய நகல் இருக்கும் மறுமுனை, அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்பு எண்களை அனுப்பும். இந்த முனை ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாத பகுதியை மட்டும் அனுப்பும். மெதுவான பிராட்பேண்டுக்கு இது பெரிய வரம். 'லிங்க்-டெஸ்ட்' என்ற விருப்பத்தையும் சேர்த்தால், மாறாத கோப்புகளுக்கு மறுபடி இடம் பிடிக்காமல் நாளுக்கொரு முழு நகல் கிடைக்கும். எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஒரே நகலை வைத்துக்கொண்டிருந்தால், ரான்சம்வேர் பூட்டிய கோப்பும் இரவோடு இரவாக நல்ல நகலின் மேல் ஏறிவிடுமே!

மூலத்தில் இல்லாத கோப்புகளை நகலிலிருந்தும் அழிக்கும் 'டெலிட்' விருப்பத்தைச் சேர்க்கும் முன், வெறும் ஒத்திகையான 'டிரை-ரன்' கொடுத்து, எவையெல்லாம் அழியும் என்று பாருங்கள். மாதம் ஒருமுறை ஒரு கோப்பையாவது நகலிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள்.