சிக்னல் முடிகிற இடத்துக்கு அப்பால்

1997 ஜனவரி 14. கேரளத்தின் வடகரையில் மத்தியோடு கரை சேர்ந்த 11 மீனவர்களுக்கு வாங்க ஆளில்லை. மீனைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே காலையில், 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்றக் கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் கிளம்பவிருந்தார்கள். இதைப் பதிவுசெய்த பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன், கைபேசி வந்தபின் நடந்ததை 2007இல் வெளியான ஆய்வில் கணக்கிட்டுக் காட்டினார். கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது. மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது. வாங்குபவருக்கோ விலை 4 சதவீதம் குறைந்தது. கடலில் இருந்தபடியே “அங்கே என்ன விலை?” என்று கேட்க முடிந்ததன் பலன் இது. வானொலியால் இதைச் செய்திருக்கவே முடியாது. அதனிடம் கேள்வி கேட்க வழியில்லை.

ஆனால் அந்த ஆய்வு நடந்தது, கோபுரத்திலிருந்து 20, 25 கிலோமீட்டர் வரை சிக்னல் கிடைத்த கரைக்கடலில். கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் வட்டாரத்து விசைப்படகுகளின் கடல் வேறு. சுறாவும் சூரையும் தேடி அரபிக்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்கள் அவர்கள். 2017 நவம்பர் 29இல் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே ஒக்கி புயலானது. படகுகள் அதற்குப் பல நாட்கள் முன்பே போய்விட்டிருந்தன. கரையில் கைபேசிக்குக் கைபேசி செய்தி பறந்தது. தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் அது போகவில்லை. பலர் திரும்பவே இல்லை. தப்பிய படகுகளில் பல, மகாராஷ்டிரக் கரைவரை போய் ஒதுங்கின.

அந்தத் தூரத்தில் படகுக்குப் படகு பேச இருந்தது வயர்லெஸ். அதன் குறை தெரிந்ததே: அலை நேர்கோட்டில் போவதால், பூமியின் வளைவு அதைச் சில பத்து கிலோமீட்டரில் நிறுத்திவிடும். ஒருவர் பொத்தானை அமுக்கிப் பேசும்போது மற்றவர் கேட்கத்தான் முடியும். அந்தரங்கமும் கிடையாது, நல்ல மீன் பட்ட இடத்தைச் சொன்னால் அக்கம்பக்கத்துப் படகெல்லாம் அறிந்துவிடும். ஆனால் ஆபத்தில் இதே குறைதான் உயிர் காக்கிறது. கைபேசியில் உதவி கேட்கிறவருக்கு யாரை அழைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். உலகெங்கும் அபாய அழைப்புக்கென்று ஒதுக்கிய 16ஆம் சேனலில் கூப்பிட்டால், பெயர் தெரியாத படகும் கேட்கும். அருகில் இருப்பவர் வருவார், இல்லையென்றால் அடுத்த படகுக்குச் சொல்வார். எண்ணை வைத்து ஆளைத் தேடும் கைபேசியில் இந்தத் திறந்த தன்மை இல்லை. அதை நாம் எளிதில் விட்டுக்கொடுத்துவிட்டோம் என்றே நினைக்கிறேன்.

வானொலிக்கு வருவோம். பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காக ஒலிக்கும் கடல் ஓசை 90.4 பண்பலை அருகில் மீன்பிடிப்பவர்களுக்கு நல்ல துணை. ஆழ்கடலுக்கு அது எட்டாது. எட்டக்கூடியது மத்திய அலை. இருட்டியபின் வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். கேட்பவரிடம் இருக்க வேண்டியது ஒரு சிறு பெட்டியும் பேட்டரியும்தான். பத்துப் பேர் கேட்டாலும் பதினாயிரம் பேர் கேட்டாலும் நெரிசல் இல்லை. ஆனால் கேட்டார்களா என்று ஒலிபரப்பியவருக்குத் தெரியாது. இது சின்னக் குறையல்ல.

ஒக்கிக்குப் பின், 2019இல் அறிமுகமான ஜெமினி கருவி செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் மூலம் கைபேசிக்குத் தருகிறது. ஆழ்கடலுக்கும் எட்டுகிறது என்பது பெரிய முன்னேற்றம். ஆயினும் இதுவும் ஒருவழிதான். போதாததற்கு, கருவி, கைபேசி இரண்டிலும் சார்ஜ் இருக்க வேண்டும். வானொலியின் பழைய குறை தொடர, அதன் எளிமை போய்விட்டது. செயற்கைக்கோள் தொலைபேசி இருவழி. ஆனால் விலையும் அனுமதிக் கட்டுப்பாடும் சாதாரணப் படகுக்காரருக்குத் தாங்காது.

என் பார்வையில் உண்மையான தாவல், 2024இல் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறை அபாய எச்சரிக்கைக் கருவி. மீனவர் அமுக்கிய அபாயச் செய்தி மீட்பு மையத்துக்குப் போய்ச் சேர்ந்ததை அது படகுக்கே திருப்பிச் சொல்கிறது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிது! ஆனால் மையத்திலிருந்து கப்பல் வந்து சேர நேரம் பிடிக்கும். அதற்குள் கை கொடுக்கக்கூடியது பக்கத்துப் படகு, அதை எட்டுவது வயர்லெஸ். ஆகவே புதிய கருவியைக் கொடுத்துவிட்டோம் என்று வயர்லெஸ்ஸைக் கைவிடக் கூடாது. துறைமுகந்தோறும் உயரமான ஆன்டெனா, அதனடியில் இரவும் பகலும் 16ஆம் சேனலைக் கேட்கத் தூத்தூர்க்காரர் பேச்சு புரிகிற ஓர் ஆள்: இதற்கான செலவை அரசு ஏற்க வேண்டும்.