லீக்கில் சிக்கனம், ஆட்களில் தாராளம்

‘ஃபுட்பால் மேனேஜர்’ கணினி விளையாட்டில் பந்து உருளும் முன்பே பாதி ருசி தீர்மானமாகிவிடுகிறது. எந்த நாட்டு லீக்குகளை ஓடவிடுவது, எத்தனை விளையாட்டாளர்களைத் தரவுத்தளத்தில் ஏற்றுவது என்று கேட்கும் தொடக்கத் திரைதான் அதைத் தீர்மானிக்கிறது. லண்டனின் ஸ்போர்ட்ஸ் இண்டராக்டிவ் உருவாக்கும் இந்த விளையாட்டின் 2024 பதிப்பில் மலேசிய சூப்பர் லீக்கும் உண்டு. காஜாங்கில் மடிக்கணினியைத் திறப்பவர் சொந்த மாநில அணியான சிலாங்கூரையே வழிநடத்தலாம்.

அந்தத் திரையில் ஒரு நாட்டைச் சேர்த்ததும் விளையாட்டாளர் எண்ணிக்கை ஏறும். வேகத்தைக் காட்டும் நட்சத்திரங்கள் குறையும். இங்கிலாந்தை ஆறாம் நிலை வரை திறந்து, ஸ்பெயினையும் இத்தாலியையும் கூடச் சேர்க்கவே கை பரபரக்கும். ஆனால் திறந்த ஒவ்வொரு லீக்கின் ஆட்டங்களையும் கணினி வாராவாரம் கணக்கிட்டாக வேண்டும். ஒரு பருவத்தை முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். சிலாங்கூருக்கு மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா ஆகிய மூன்றும் தாராளமாகப் போதும்.

ஆட்களை ஏற்றுவது தனிக் கணக்கு. லீக்கைத் திறக்காத நாட்டின் விளையாட்டாளர்களில் பெயர் பெற்ற சிலரே தரவுத்தளத்துக்குள் வருவார்கள். சிறியது, நடுத்தரம், பெரியது என்ற ஆயத்த அளவுகளைத் தாண்டி, குறிப்பிட்ட நாட்டின் அல்லது வட்டாரத்தின் விளையாட்டாளர்கள் அனைவரையும் ஏற்றும் வசதியும் இருக்கிறது. தேர்ந்த ரசிகரின் கை அங்கேதான் தெரியும். சூப்பர் லீக்கின் வெளிநாட்டினர் ஒதுக்கீட்டில் ஆசியான் நாட்டவருக்கென்று தனி இடம் இருந்து வந்திருக்கிறது. தென்கிழக்காசியாவை முழுதாக ஏற்றாவிட்டால், அந்த இடத்துக்கு ஆள் தேடிப் போனவர் ஒரு சில பெயர்களோடுதான் திரும்புவார்.

உள்ளூர் ஆட்களுக்கு இது இன்னும் முக்கியம். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் அணி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019-இல் சூப்பர் லீக்கில் ஆடியது. பின்னாளில் வெளிநாட்டவரே இல்லாமல் களமிறங்கி, 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. அப்படியொரு முழு உள்ளூர் அணியைத் திரையில் கட்ட நினைப்பவருக்குச் சிறிய தரவுத்தளம் உதவாது. மலேசிய விளையாட்டாளர் அனைவரையும் ஏற்றினால்தான், பெரிய கிளப்புகளின் கண்ணில் படாத இளைஞர்களும் கைக்கு எட்டுவார்கள். ஆள் குறைந்த அணிகளைக் கற்பனைப் பெயர்களால் நிரப்பும் தெரிவும் உண்டு. நிஜ ஆட்களைத் தேடிப் பிடிப்பதில் சுவை காண்பவர் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

லீக்கில் சிக்கனமும் ஆட்களில் தாராளமும் வேண்டியதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. தொடங்கிய பிறகு தரவுத்தளத்தின் அளவை மாற்ற முடியாது. லீக்குகளை மட்டும் நடுவில் சேர்க்கலாம், நீக்கலாம். சிலாங்கூர் ஆசியப் போட்டிகளுக்குத் தகுதி பெறும்போது, 2024 பதிப்பில் முதன்முறையாக உரிமத்தோடு வந்த ஜப்பானின் ஜே லீக்கைச் சேர்த்துக்கொள்ளலாம். அதன் அடுத்த பருவம் தொடங்கும்போது அது ஓடத் தொடங்கும்.