பூங்காவும் பொழுதும்

மரஞ்செடிகள் சூழ வாழ்வோர்க்கு மன இறுக்கம் தணியும், உடல்நலம் ஓங்கும் என்பதை நகரமைப்போர் இன்று ஏறத்தாழ வேதவாக்காகக் கொண்டுவிட்டனர். அதற்குரிய சான்றுகளிற் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் திரட்டப்பட்டவை. 1984-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரோஜர் உல்ரிச், பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் மருத்துவமனைக் குறிப்புகளை ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். வன்மையான வலிநீக்கி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே வேண்டியிருந்தது. 2012-இல் வெளியான வேறோர் ஆய்வு, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் வறிய பகுதிகளில் வேலையின்றி இருந்த 25 பேரின் உமிழ்நீரைச் சோதித்தது. மன இறுக்கத்தோடு தொடர்புடைய கார்டிசோல் என்னும் சுரப்பு, பசுமை மிகுந்த இடத்தில் வாழ்ந்தோரிடம் பகற்பொழுதில் செவ்வையாகத் தணிந்து வந்தது.

வெப்பநாட்டுக்கும் இது பொருந்துமா? சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர் 2015-இல் வெளியிட்ட கட்டுரை, பொருந்தக் காணோம் என்றது. இளம் வயதினரை வினவி எழுதப்பட்ட கட்டுரை அது. பூங்கா அருகில் இருப்பதோ, அங்குச் செல்வதோ அவர்களுடைய மகிழ்ச்சியையும் மன இறுக்கத்தையும் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றவில்லை. இயல்பிலேயே கலகலப்பும் மனத்திட்பமும் உடையவர்களே நலமாக இருந்தனர். வெப்பமும் புழுக்கமும் ஒரு காரணமாகலாம், பூங்காவிற்கு வெளியேயும் பசுமை நிறைந்திருப்பது மற்றொரு காரணமாகலாம் என ஆசிரியர்கள் கருதினர்.

மேலைநாட்டு முடிவை அப்படியே ஏற்காமல் உரைத்துப் பார்த்த துணிவு பாராட்டுக்குரியது. ஆயினும் தொடர்பு காணப்படவில்லை என்பது வேறு, தொடர்பே இல்லை என்பது வேறு. இருபது வயதினரின் விடையைக் கொண்டு எழுபது வயதினரின் நிலையை அளத்தலும் ஆகாது.

ஆசிரியர்கள் ஊகமாக விட்ட இரண்டாம் காரணமே ஆழ்ந்து நோக்கத்தக்கது. பாசிர் ரிஸ் நகரை எடுத்துக்கொள்க. கிழக்கு மேற்கு ரயில் பாதையின் கிழக்கு முனையில் உள்ள இவ்வூரின் கடலோரத்தில் ஏறக்குறைய 70 எக்டர் பரப்புள்ள பூங்கா இருக்கிறது. அதனுள் 6 எக்டர் அலையாத்திக் காடு. அப்பூங்காவில் கால் வைக்காத ஒருவரும் தம் புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நாள்தோறும் மரநிழலில்தான் நடக்கிறார். 1963-இல் மரநடு இயக்கமும் 1967-இல் பூந்தோட்ட நகரத் திட்டமும் தொடங்கியதன் பயன் இது. ஆகவே பூங்காவிற்குச் செல்பவரையும் செல்லாதவரையும் ஒப்பிடுவது, ஆற்றில் குளித்தவனையும் மழையில் நனைந்தவனையும் அருகருகே நிறுத்தி, இருவரும் ஈரமாக இருப்பதால் நீருக்கு நனைக்கும் ஆற்றல் இல்லை என்பதைப் போன்றது. வேற்றுமை உள்ள இடத்தில் விளைவு தெரிகிறது. பிலடெல்பியா நகரில் 541 பாழ்மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியைத் துப்புரவாக்கிப் புல்லும் மரமும் நட்டனர். அவற்றின் அருகில் வாழ்ந்தோரிடம் மனச்சோர்வு குறைந்தமை 2018-இல் வெளியிடப்பட்டது.

எனவே 2015-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்துவிட்டு, பசுமையால் பயனில்லை என்று ஒருவர் துணிந்தால் கேடு பூங்காவிற்கு அன்று. வரைபடத்தில் பெயர் பெற்ற பூங்காவை எவரும் எளிதில் தொடமாட்டார். எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத சாலையோர நிழலும், கட்டடங்களுக்கு இடையே தானாக வளர்ந்த தோப்பும்தான் முதலில் போகும்.

முதற் காரணமாகிய வெப்பத்திற்குத் தமிழர்க்குப் பழகிய ஒரு விளக்கம் உண்டு. நிலம், பொழுது ஆகிய இரண்டையும் சேர்த்தே தொல்காப்பியம் முதற்பொருள் என்றது. இக்கால ஆய்வுகளோ நிலத்தை எக்டர் கணக்கில் அளந்துவிட்டுப் பொழுதை மறந்துவிடுகின்றன. 2030-க்குள் எல்லா வீடுகளுக்கும் பத்து நிமிட நடைத் தொலைவில் பூங்கா இருக்கவேண்டும் என்பது சிங்கப்பூரின் குறிக்கோள். நல்லதே. ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் என்பதும் மாலை ஆறரைக்குப் பத்து நிமிடம் என்பதும் ஒன்றல்ல. இரவு முறை வேலை முடிந்து காலையில் உறங்கச் செல்பவருக்கு இரண்டுமே இல்லை.

பசுமையின் பரப்பே நலம் தருமாயின், மலாயாவின் இரப்பர்த் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோரே உலகில் நலமிக்கவராக இருந்திருக்கவேண்டும். கண்ணுக்கு எட்டிய தொலைவெல்லாம் மரம். ஆனால் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, பால் சுமந்தவருக்கு அந்த மரங்கள் வேலையாகவே இருந்தன. நிழலில் அமரும் பொழுது அவருடையதாக இல்லை. குன்றுகளில் காட்டை வெட்டியதால் வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் மலேரியாக் கொசு பெருகியதை மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் அக்காலத்திலேயே எடுத்துக்காட்டினார்.

2020-இல் வெளியான மற்றொரு சிங்கப்பூர் ஆய்வு இவ்வகையில் மேலானது. 40 முதல் 65 வயது வரையுள்ள 160 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மருந்துச்சீட்டுப் போலப் பூங்காவை எழுதிக் கொடுத்து, வாரந்தோறும் அங்கே கூட்டு உடற்பயிற்சிக்கும் அழைத்தனர். ஆறு மாதம் சென்றபின், மிதமானதும் கடுமையானதுமான உடலியக்கத்தின் மொத்த அளவில் வேற்றுமை தெரியவில்லை. எதிர்பார்த்தது அதுவே என்பதால் ஏமாற்றந்தான். ஆனால் பூங்காவில் கழித்த நேரமும், பொழுதுபோக்காகச் செய்த உடற்பயிற்சியும், மனநலம் பற்றிய மதிப்பும் அப்பிரிவினரிடம் உயர்ந்திருந்தன. அவர்களுக்காகப் புதிய மரம் எதுவும் நடப்படவில்லை. வாரத்தில் ஒரு குறித்த நேரமும், உடன் நடக்க நாலு பேரும் கிடைத்திருந்தனர்.